கண்ணு ரெண்டு மட்டும் எங்களுக்கு

அய்யம்பேட்டை,
ஐப்பசி மழை, கரண்ட் இல்லாத பிற்பகல்.

என்றும் என் மரியாதைக்குரிய மச்சான் ஃபஹத் அவர்களின் சமூகத்துக்கு, தங்கள் அருமைத் தங்கை மெஹராஜ் பேகத்தைக் கட்டிய நாளிலிருந்து தங்களுக்குக் கொஞ்சம் பயந்தவனாகவே இருந்துவரும் மைத்துனன் மூஸா எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் இங்கே யாவரும் நலம். ஷார்ஜாவில் வெயில் தணிந்து தாங்களும் நலமாக இருக்க ஐந்து வேளையும் துஆ செய்கிறோம். யாவரும் நலம் என்று எழுதிவிட்டேனே தவிர, கொஞ்ச நாளாக அந்த நலத்தில் எங்கள் ஷமாவின் வலது கை மட்டும் சேர்த்தியில்லாமல் இருந்தது. அந்தக் கையைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

அன்றைக்கு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்து சாயங்காலம் நீங்கள் வீடியோ காலில் வந்தீர்கள். மருமகளைப் பார்த்து, "ஷமா குட்டி, மாமாவுக்குக் கைய ஆட்டு, வளையல் அளவு பாக்கணும்" என்றீர்கள். அவள் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, "டீச்சர்கிட்ட கேட்டுட்டு ஆட்டுறேன் மாமா, இது அவங்க கை" என்றாள். உங்கள் முகம் போன போக்கு எனக்குத் தெரிந்தது. "என்ன மாப்புள, ஏழு வயசுப் புள்ளைக்கு இப்படியா பேசச் சொல்லிக் குடுப்பீங்க?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டீர்கள். அன்றிலிருந்து காலும் இல்லை, ஒரு 'குட் மார்னிங்' படமும் இல்லை. மெஹராஜ், "எங்க அண்ணன் கோவிச்சுக்கிட்டாரு, எல்லாம் உங்களாலதான்" என்று என்னைப் பார்க்கும்போதெல்லாம் சொல்கிறாள். ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன், யார்மேல் எவ்வளவு குற்றம் என்று நீங்களே பிரித்துக்கொள்ளுங்கள்.

போனில் சொல்லலாமே என்பீர்கள். இப்போது எல்லாம் சரியாகிவிட்டது, அல்ஹம்துலில்லாஹ். ஆனாலும் ஷமா காதில் விழும்படி வாயைத் திறக்கவே எனக்குப் பழைய பயம் போகவில்லை. ஒருநாள் மெஹராஜ் என்னிடம், "ஏங்க என் உசுர எடுக்குறீங்க?" என்றாள், பிள்ளை ஓடிவந்து என் இரண்டு உள்ளங்கையையும் விரித்துப் பார்த்தது. பம்புசெட்டுக்காரர் ஒருவர் என் மோட்டார் ரிப்பேர் கடைக்கு வந்து, "மோட்டாருக்கு இன்னும் காயில் கட்டலியா, என் வயித்துல அடிக்காதய்யா" என்று சத்தம் போட்டார். ஷமா என்னைப் பார்த்த பார்வைக்கு, மற்ற வேலையைத் தூக்கிப் போட்டுவிட்டு அவர் மோட்டாரைத்தான் முதலில் முடித்துக் கொடுத்தேன். தலையைத் தின்னாதே, காதைக் கடிக்காதே, மூக்கை அறுக்காதே, கையைக் கழுவிவிட்டேன், காலை வாரிவிட்டான் என்று நம் தமிழில் மனுஷ உடம்பை விட்டுவைத்துப் பேசுகிற பேச்சு ஏதாவது இருக்கிறதா, சொல்லுங்கள். அதனால்தான் பேனாவை எடுத்தேன். பக்கத்து வீட்டு பாசித் லீவு முடிந்து ஷார்ஜா ஏறுகிறான், அவன் பெட்டியில் ஊறுகாய் பாட்டிலுக்குப் பக்கத்தில் இந்தக் கடிதம் வரும். எண்ணெய் பட்டிருந்தால் மன்னிக்கவும்.

ஆரம்பம் ஜூன் மாதம். மேட்டூர் அணை திறந்து குடமுருட்டி ஆற்றில் தண்ணீர் வந்த வாரம். முதல் தண்ணீர் வரும்போது ஒரு வாசனை வருமே மச்சான், உங்களுக்கு அங்கே மறந்திருக்கும், காய்ந்த வாய்க்கால் நனைகிற வாசனை; அந்த வாசனையில் எனக்கு எப்போதும் புத்தி கொஞ்சம் மந்தமாகிவிடும், எங்கேயோ மிதக்கிற மாதிரி இருக்கும். அப்படி மிதந்துகொண்டேதான் ஷமாவை மூன்றாம் வகுப்புக்குப் புது ஸ்கூலில் சேர்க்கப் போனேன். அன்றைக்குக் காலையில் வெளிநாட்டிலிருந்து ஒருவர் போன் போட்டு, "மாப்புள, சேர்க்கும்போது அந்த வார்த்தைய மறக்காமச் சொல்லிடுங்க. அதச் சொல்லலன்னா டீச்சருங்க புள்ளைய ஏறெடுத்துப் பாக்க மாட்டாங்க. அடியாத மாடு படியாது" என்று எனக்கு ஞாபகப்படுத்தினார். அவர் யார் என்று நான் எழுதப்போவதில்லை.

சஃபியா டீச்சர் நல்ல மாதிரிதான், சின்ன வயது, கழுத்தில் ஐடி கார்டு, கையில் மரஸ்கேல். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, நம் அத்தாமார்கள் சொன்ன அதே ராகத்தில், "கண்ணு ரெண்ட மட்டும் எங்களுக்கு விட்டுட்டு, மத்ததெல்லாம் நீங்களே எடுத்துக்குங்க டீச்சர். ஒரு வார்த்த கேக்க மாட்டோம்" என்றேன். டீச்சர் சிரித்தார். நானும் சிரித்தேன். இது என்ன புதுசா? 'சாப்பிட்டீங்களா' என்று வழியில் கேட்கிற மாதிரிதானே. கேட்டவர் சோறு போடப்போவதில்லை, கேட்கப்பட்டவரும் இலையைத் தேடப்போவதில்லை. ஆனால் என் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டு நின்ற பிள்ளை சிரிக்கவில்லை. திரும்பி வரும்போது டிவிஎஸ்ஸில் முன்னால் நின்றுகொண்டு, "அத்தா, கண்ணு ரெண்டும் நம்மளோடதா?" என்றாள். "ஆமாம்மா" என்றேன். "மூக்கு?" என்றாள். எதிரே வைக்கோல் லாரி ஒன்று ரோட்டை அடைத்துக்கொண்டு வந்தது. "அதான் சொல்லியாச்சேம்மா, மத்ததெல்லாம் டீச்சருக்கு" என்று சொல்லிவிட்டு வண்டியை ஓரம் கட்டினேன். மச்சான், ஒரு பிள்ளையின் கை, கால், தலை, முடி எல்லாம் அந்த லாரி போகிற நேரத்துக்குள் கைமாறிவிட்டது என்று எனக்கு எப்படித் தெரியும்?

அப்புறம் வீட்டில் நடந்த கூத்து இருக்கிறதே. தலைக்கு எண்ணெய் வைக்க மெஹராஜ் கூப்பிட்டால், "டீச்சர்கிட்ட கேட்டீங்களாம்மா?" நகம் வெட்டக் கூப்பிட்டால், "அவங்க நகம், அவங்க வெட்டிக்குவாங்க." ஒருநாள் சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, "வயிறும் அவங்களோடதுதானே, டீச்சருக்குப் பசிச்சா சாப்பிடுறேன்" என்று சொல்லிவிட்டாள். உங்கள் தங்கை லேசுப்பட்டவளா? உடனே காதைச் சாய்த்துக் கேட்கிற மாதிரி கேட்டு, "டீச்சருக்கு இப்பத்தான் பயங்கரமாப் பசிக்குதாம், மீன் ஆறுறதுக்குள்ள வாயத் திற" என்றாள். அதிலிருந்து எங்கள் வீட்டில் டீச்சருக்குத் தலை சீவி, டீச்சருக்குப் பல் விளக்கி, டீச்சருக்கு மூக்குச் சிந்திவிட்டோம். நாங்கள் விளையாட்டு என்று நினைத்தோம். கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன்.

கண்கள் விஷயம் வேறு. கண்கள் நம்மளோடது அல்லவா? அவற்றை அவள் இஷ்டத்துக்கு வெளியே விட்டுவிட்டாள். அவள் வகுப்பு ஜன்னலுக்கு வெளியே வயல். குறுவை அறுப்பு முடிந்து, அறுத்த நெல் தாளில் தண்ணீர் நின்று, வாத்துக்காரர்கள் வந்து வாத்துக் கூட்டத்தை இறக்கிவிட்டிருந்தார்கள். சாயங்காலம் கடையில் என் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டு ஷமா சொல்வாள்: "அத்தா, இன்னிக்குக் கண்ணு வாத்தோட போச்சு. வரப்ப தாண்டிச்சு. அங்க ஒரு கொக்கு சும்மாவே நின்னுச்சு, அதுகிட்ட ரொம்ப நேரம் இருந்துச்சு. அப்புறம் ஆத்துப் பாலத்துக்குக் கீழ போயி, தண்ணிக்குள்ள வானத்த பாத்துட்டு, மணி அடிச்சப்பதான் வந்துச்சு." நான் செப்புக் கம்பியைச் சுற்றிக்கொண்டே கேட்பேன். கேட்கக் கேட்க எனக்கும் வெயில் மஞ்சளாகி, வாத்துச் சத்தம் தூரத்தில் போய், சுற்று எண்ணிக்கை தவறிவிடும். மறுபடி முதலிலிருந்து சுற்றுவேன். இப்படி ஒரு பிள்ளையை எனக்குக் கொடுத்தானே என்று சந்தோஷமாகத்தான் இருந்தது. கண்கள் பாலத்துக்கு அடியில் இருக்கும்போது போர்டில் எழுதியிருக்கும் கணக்கை யார் பார்ப்பது என்று எனக்குத் தோன்றவே இல்லை. டீச்சருக்குத் தோன்றியிருக்கிறது. "எங்க பாக்குற?" என்று கேட்டதற்கு இவள், "கண்ணு வெளிய போயிருக்கு டீச்சர், இப்ப வந்துரும்" என்றிருக்கிறாள்.

நீங்கள் வீடியோ காலை வைத்த அந்த வெள்ளிக்கிழமைதான் மெஹராஜ் கோபத்தில் அவள் முதுகுக்குப் பின்னாலிருந்த கையைப் பிடித்து இழுத்தாள். நடுவிரல் வீங்கி, நகத்தடி கருநீலமாக இருந்தது. தொட்டால் சுடுகிறது. "அடிப்பாவி, எப்ப ஆச்சு? ஏன் அம்மாகிட்ட சொல்லல?" என்று உங்கள் தங்கை அலறினாள். ஷமா அழவில்லை மச்சான். அந்த விரலை ஏதோ கடைச் சாமான் மாதிரி பார்த்துவிட்டு, "இது டீச்சர் விரல்மா. அவங்களே சொல்லுவாங்கன்னு இருந்தேன்" என்றாள். மெஹராஜ் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். டாக்டர், எலும்புக்கு ஒன்றுமில்லை, சதை நசுங்கியிருக்கிறது என்று சொல்லிக் கட்டுப்போட்டார். ஊசி போடும்போதும் பிள்ளை முகம் சுளிக்கவில்லை. "ரொம்பத் தைரியசாலிப் பொண்ணு" என்று டாக்டர் பாராட்டினார்.

திங்கட்கிழமை ஸ்கூலுக்குப் புறப்பட்டேன். இன்றைக்கு அங்கே ஒரு பிரளயம் என்று போகும் வழியெல்லாம் வசனம் தயார் செய்துகொண்டே போனேன். ஆபீஸ் ரூமுக்குள் நுழைந்து, சஃபியா டீச்சர் கையில் அந்த ஸ்கேலைப் பார்த்ததும், எனக்கு நாற்பத்திரண்டு வயது மச்சான், என் இரண்டு கையும் தானாகவே முதுகுக்குப் பின்னால் போய்விட்டன. வசனமெல்லாம் மறந்து, "அடிச்சீங்களா டீச்சர்?" என்று மட்டும் கேட்டேன்.

"அடிக்கிறதா? எங்க ஸ்கூல்ல அடிக்கிறதே கிடையாதுங்க. லேசா தட்டுறதுதான்."

"தட்டுனா இப்படி வீங்குமா?"

"எல்லாப் புள்ளையும் கைய இழுத்துக்கும், அடி காத்துல போயிடும். உங்க புள்ள இழுக்கவே மாட்டேங்குது சார். நீட்டி வச்சுட்டு வேற எங்கயோ பாத்துக்கிட்டு நிக்கிது. எனக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சு." டீச்சர் குரல் கொஞ்சம் உடைந்தது. அப்புறம் மெதுவாக, "நீங்கதானே சொன்னீங்க, ஒரு வார்த்த கேக்க மாட்டோம்னு" என்றார்.

வாயைக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொள்வது என்பார்களே, அது இதுதான். கரஸ்பாண்டென்ட் வெங்கடகிருஷ்ணன் சார் நல்ல மனுஷர், எனக்கு டீ வரவழைத்தார். அவருக்குப் பின்னால் சுவரில், 'மாணவரை அடிப்பது சட்டப்படி குற்றம்' என்று ஒரு போர்டு. அந்தப் போர்டு மாட்டிய ஆணியில்தான் டீச்சர் பேசிமுடித்து ஸ்கேலையும் மாட்டினார். சார் சொன்னார்: "அடி ஒதவுற மாதிரி அண்ணன் தம்பி ஒதவ மாட்டான் பாய். நான் வாங்காத அடியா? அதனாலதான் இன்னிக்கு இந்த நிலைமைக்கு வந்திருக்கேன். எங்க கணக்கு வாத்தியார் இருக்காரே..." வாத்தியார் என்ற சொல் வாயில் வந்ததும் அவர் நாற்காலியை விட்டு எழுந்து நின்றுவிட்டார். அவர் எழுந்ததும் நானும் எழுந்துவிட்டேன். டீச்சர் ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தார். அந்தக் கணக்கு வாத்தியார் மண்ணோடு மண்ணாகிப் பல காலம் ஆயிற்றாம். யாருக்காக நிற்கிறோம், எப்போது உட்காரலாம் என்று தெரியாமல் மூன்று பேரும் நின்றோம். ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது, வெளியே பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்கிற சத்தம் அலை அலையாக வந்துகொண்டிருந்தது. எனக்கு அது கனவோ என்றுகூட இருந்தது. டீ ஆறிப்போனது.

வெறுங்கையோடு வீட்டுக்கு வந்தேன். மெஹராஜ்தான் வழி சொன்னாள்: "குடுத்த வாய்தானே? போயி திருப்பி வாங்கிட்டு வாங்க. புள்ள கண்ணு முன்னாடி வாங்கணும்." முதலில் சிரிப்பாக இருந்தது. யோசித்தால் வேறு வழியும் இல்லை. மறுநாள் திருவையாற்றிலிருந்து வந்த அசோகா அல்வா ஒரு டப்பா வாங்கிக்கொண்டு, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, பெண் கேட்கப் போகிறவன் மாதிரி வகுப்பு வாசலில் போய் நின்றேன். டீச்சரைத் தனியே கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். ஷமா வீட்டில் எப்படியெல்லாம் இருக்கிறாள் என்று கேட்கக் கேட்க அவர் முகம் வெளிறிவிட்டது. உடனே உள்ளே போய், எல்லாப் பிள்ளைகளுக்கும் முன்னால் சத்தமாகச் சொன்னார்: "ஷமாவோட கை, கால், தலை, முடி, மூக்கு, வயிறு எல்லாத்தையும் அவங்க அத்தாகிட்டயே திருப்பிக் குடுத்துட்டேன். இனிமே எனக்கு அதுல ஒண்ணும் கிடையாது." நான் இரண்டு கையாலும் வாங்கிக்கொள்கிற மாதிரி வாங்கி, ஷமாவின் தலையில் வைத்தேன்.

எல்லாம் முடிந்தது என்று டப்பாவைத் திறந்தேன். அப்போது முன் பெஞ்சில் அம்ருதா என்று ஒரு பெண் எழுந்து நின்றாள். "டீச்சர், எங்கப்பாவும் சேர்க்கும்போது அப்படித்தான் சொன்னாரு. என்னோடதையும் குடுத்துருங்க." அவளுக்குப் பின்னால் ஃபாஜில் என்று ஒரு பொடியன், "எனக்குக் காது மட்டும் போதும் டீச்சர்" என்றான். அவ்வளவுதான், வகுப்பே எழுந்துவிட்டது. எங்கம்மாவும் சொன்னாங்க, எங்க மாமாவும் சொன்னாரு என்று ஒரே கூச்சல். சஃபியா டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஒவ்வொரு பிள்ளையாகக் கூப்பிட்டு, கையைத் தொட்டு, தலையைத் தொட்டு, "இந்தா உன் கை, இந்தா உன் தல" என்று திருப்பிக் கொடுத்துக்கொண்டே வந்தார். வாங்கிக்கொண்ட பிள்ளைகள் ஏதோ புது உடுப்பு போட்டுக்கொண்ட மாதிரி கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு பெஞ்சுக்குப் போனார்கள். வெளியே தூறல் ஆரம்பித்திருந்தது. வயலில் வெயிலும் மழையும் சேர்ந்து விழுந்தது. மச்சான், இப்படி ஒரு காலை நேரத்தை நான் பார்த்ததே இல்லை. அசோகா பத்தவில்லை, கிள்ளிக் கிள்ளிக் கொடுத்தோம்.

அன்று வீட்டுக்கு வந்ததும் ஷமா தானாகவே தலையைக் காட்டி எண்ணெய் வைத்துக்கொண்டாள். சோற்றைத் தனக்குப் பசிக்கிறது என்று சொல்லியே சாப்பிட்டாள். ஆகவே தாங்கள் கோபத்தை விட்டுவிட்டு வருகிற வெள்ளிக்கிழமை அவசியம் கால் பண்ணவும். உங்கள் மருமகள் சொந்தக் கையால் ஆட்டுவாள். பிள்ளைக்கு ஒரு குறையும் இல்லை, ஸ்கூலும் தங்கமான ஸ்கூல், டீச்சரும் திருந்திவிட்டார். எல்லாம் சுபமாக முடிந்தது. வளையல் சின்ன சைஸே போதும்.

தங்கள் உடம்புக்கு நீண்ட ஆயுளும், ரோஜிப் பிழைப்புக்குப் பரக்கத்தும், அங்கே தங்களை வேலைக்கு வைத்திருக்கும் கபிலுக்கு இரக்க சுபாவமும் வல்ல நாயன் தந்தருளட்டும். மெஹராஜ் சலாம் சொல்லச் சொன்னாள், கூடவே ஊறுகாயை ஃபிரிட்ஜில் வைக்கச் சொன்னாள்.

இப்படிக்கு,
தங்கள் சொல்லைத் தட்டாததால் மாட்டிக்கொண்ட,
மூஸா

பின்குறிப்பு: கையெழுத்துப் போட்டு மடிக்கும்போது ஷமா ஸ்கூல் விட்டு நனைந்துகொண்டே கடைக்கு வந்துவிட்டாள். மாமாவுக்கு என்ன எழுதினீங்க என்று பிடுங்கிக்கொண்டு எழுத்துக்கூட்டி வாசித்தாள். டீச்சருக்குப் பசிக்கிற இடத்தில் விழுந்து விழுந்து சிரித்தாள். அப்புறம் சாதாரணமாக, "அது சும்மா சொல்றதுன்னு எனக்குத் தெரியும் அத்தா. எல்லா அத்தாவும்தான் சொல்றாங்க" என்றாள்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. "தெரியுமா? பின்ன ஏம்மா அத்தன நாளா டீச்சர் கை, டீச்சர் கைன்ன?"

"என் கை இல்லன்னா வலிக்காதுல்ல."

அவளே சொன்னாள்: "நாந்தான் அம்ருதாவுக்கும் சொல்லிக் குடுத்தேன், ஃபாஜிலுக்கும் சொல்லிக் குடுத்தேன். கண்ண வெளிய விட்டுட்டு கைய நீட்டணும். யாருமே அழ மாட்டோம். நீங்க வந்து எல்லாத்தையும் திருப்பி வாங்கிட்டீங்க. இப்ப எல்லாரும் அழுவுறோம்."

"இப்பவுமா தட்டுறாங்க?"

"ரெண்டு நாளு தட்டல. ஸ்கேல உள்ள வச்சுட்டாங்க. இப்ப டஸ்டர் கட்ட."

இடது கையை நீட்டினாள். விரல் முட்டியில் சாக்பீஸ் வெள்ளை அப்பியிருந்தது. அவள் கடைக்குள் நுழைந்தபோதே பார்த்தேன் மச்சான், போர்டில் படம் போட்டிருக்கிறாள் என்று நினைத்தேன். என் துண்டால் துடைத்தேன். "ஸ்ஸ்" என்று இழுத்துக்கொண்டாள். இழுத்துக்கொண்டு, "அத்தா, எங்க எல்லாரோடதையும் டீச்சர்கிட்டயே குடுத்துருங்க, அங்கயே இருக்கட்டும்" என்கிறாள்.

மேலே எல்லாம் சுபம் என்று நான் எழுதியது எதையும் நம்ப வேண்டாம். ஷட்டரை இறக்கிவிட்டேன். இவளை வீட்டில் விட்டுவிட்டு வெங்கடகிருஷ்ணன் சார் வீட்டுக்குப் போகிறேன், அவர் எழுந்து நின்றாலும் நான் உட்கார்ந்தே பேசுவேன். ஷமா நாளைக்கு அந்த ஸ்கூலுக்குப் போகப்போவதில்லை. ஆனால் மற்ற பிள்ளைகள் போவார்கள் மச்சான், அதனால்தான் மழை விடுகிறவரைகூட இருக்க முடியவில்லை.